இரண்டு ஊதல், பத்து மீட்டர் வார்

நாய்க்குட்டியைக் கூப்பிட்டால் வரப் பழக்க நான் வாங்கிய விசிலுக்கு முழு மதிப்பெண். வாருக்கும் ஏறக்குறைய முழு மதிப்பெண்தான், கொக்கியில் மட்டும் ஒரு குறை. இந்த இரண்டுக்கும் முன்னால் வாங்கிய நைலான் கயிறு, சத்தமில்லா விசில், பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் லீஷ் மூன்றும் வீண் செலவு. அவசரமாக இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று ஓட்டக்காரக் குட்டி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று தவிப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். அந்தத் தவிப்பை நான் நன்றாக அறிவேன்.

எங்கள் வீட்டில் இருப்பது கன்னி. கறுப்பு உடம்பு, முகத்திலும் கால்களிலும் செம்பழுப்பு, பெயர் மயிலி. ஐம்பது நாள் குட்டியாக வந்தாள். நான் கோவில்பட்டிப் பக்கம் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. ஐயாவுக்கு ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் கரிசல். உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். காட்டுக்கு வேலி கிடையாது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் நான்குவழிச் சாலை. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் போகும்.

கன்னி கண்ணால் வேட்டையாடுகிற இனம். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், அடுத்த நொடி அது அங்கே இருக்கும். முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த உடம்பு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் பிடிப்பது குற்றம். எங்கள் காட்டில் மேய்கிற மயிலைத் தொட்டாலோ வழக்கு இன்னும் கடுமை. ஆனால் நாயின் ரத்தத்தில் இருக்கிற ஓட்டம் அப்படியே இருக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டால் மனுஷக் காலால் பிடிக்க முடியாது. குரலால் மட்டும்தான் பிடிக்க முடியும். அந்தக் குரல் என்னிடம் இல்லாமல் போன கதையைச் சொன்னால்தான் விசிலின் அருமை புரியும்.

மயிலிக்கு ஐந்து மாதம். தை மாதக் கடைசி, உளுந்து பிடுங்கி முடித்து நிலம் மொட்டையாகக் கிடந்தது. மேற்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஒரு குட்டி ஆடு துள்ளியது, இவள் கிளம்பினாள். ஆடு கிடைக்குள் புகுந்துவிட்டது. இவளோ அந்த வேகத்திலேயே வளைந்து சாலைப் பக்கம் திரும்பிவிட்டாள். "மயிலி வா, மயிலி வா, வாடி இங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காது கேட்டதாகவே தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சாலை நடுவே அரளிச் செடிகளுக்கு இடையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துக் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்திக் கொடுத்தார். அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அன்று நான் செய்த தப்பு அடுத்தது. "வா" என்று கூப்பிட்டேன், வந்தாள், வந்தவளை அடித்தேன். பயத்தில் அடித்த அடிதான். அவளுக்கு அது தெரியாதே. அன்றிலிருந்து "வா" என்றால் பத்தடி தள்ளி நின்று என் கையையே பார்ப்பாள். இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்தால் பத்தடி பின்னால் போவாள். ஐயா இதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஏ தாயி, நீ அதைக் கூப்பிடுறது சோறு போடவா, கட்டிப்போடவா, அடிக்கவா? அதுக்கு எப்பிடித் தெரியும்?"

ஐயா சின்ன வயதில் வளர்த்த நாய்களை "தோ... தோ..." என்றுதான் கூப்பிடுவாராம். கையில் கம்மங்கஞ்சிச் சட்டி இருக்கும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வாயிலிருந்து வரும். வேறு எதற்கும் அதைச் செலவழிக்க மாட்டார். அதனால் இரண்டு காடு தள்ளி நின்றாலும் நாய் வந்து சேருமாம். எங்கள் வீட்டில் "வா" என்ற சொல்லின் கதியை யோசித்துப் பாருங்கள். "பாப்பா வா சாப்பிட", "வாங்க அத்தை உட்காருங்க", "இங்க வாங்களேன், இந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைங்க". ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல் காற்றில் பறக்கிறது. அதில் எது தனக்கு என்று நாய் எப்படிக் கண்டுபிடிக்கும்? கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்ய மெனக்கெடுவதைவிடப் புதிய சத்தம் ஒன்றைக் கைக்கொள்வது சுலபம். அப்படித்தான் விசில் பக்கம் வந்தேன்.

முதலில் வாங்கியது சத்தமில்லா விசில், எஃகில் செய்தது, முந்நூறு ரூபாய்க்குள். மனுஷக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு எல்லை முடிந்துவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். அந்த இடைவெளியில் ஒலிக்கிற ஊதல் இது. 1876-இல் பிரான்சிஸ் கால்டன் செய்த யோசனைதான், வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. கையில் எடுத்தால் தொல்லை. அதில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் சுருதி மாறும். சட்டைப் பையில் உரசி உரசித் திருகு தானாகவே நகர்ந்துவிட்டது. நேற்று ஊதிய சத்தம் வேறு, இன்று ஊதுகிற சத்தம் வேறு. எனக்கோ இரண்டும் கேட்காது. ஊதுகிறவருக்கே கேட்காத சத்தத்தை வைத்துக்கொண்டு குட்டிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? ஒரு வாரத்தில் தூக்கி வைத்துவிட்டேன்.

அப்புறம் வாங்கியதுதான் ஆக்மி 210.5. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1870-இல் ஜோசப் ஹட்சன் தொடங்கிய பட்டறையின் பெயர் இன்று ஆக்மி. கால்பந்து நடுவர்கள் ஊதுகிற தண்டரர் விசிலும் இவர்களுடையதுதான். 210.5 என்பது வேட்டை நாய்க்காரர்களுக்கென்று செய்தது. பிளாஸ்டிக், கட்டை விரல் அளவுகூட இல்லை, உள்ளே உருளும் குண்டு கிடையாது, திருகு கிடையாது. வாயில் வைத்து ஊதினால் மெல்லிய, கூர்மையான ஒரே சத்தம். தபால் செலவோடு எனக்கு 1,150 ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் விசிலுக்கு இவ்வளவா என்று இவுக, அதாவது என் வீட்டுக்காரர், முகம் சுளித்தது உண்மை.

கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். அந்த எண்தான் முக்கியம். 210.5 என்று குத்தியிருக்கிற எந்த விசிலை எடுத்தாலும் சுருதி ஒன்றே. தொலைந்துபோனால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கினால் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. அதைவிடப் பெரிய லாபம், விசிலுக்குக் கோபம் வராது. நான் பயந்திருந்தாலும், அழுதுகொண்டிருந்தாலும், பத்தாம் வகுப்புத் திருத்தம் முடித்து அலுத்துப்போய் இருந்தாலும் சத்தம் ஒரே மாதிரி வருகிறது. நான், இவுக, பாப்பா, யார் ஊதினாலும் மயிலிக்கு ஒரே அழைப்பு. அடிபட்ட சொல்லின் நிழல்கூட அதில் விழவில்லை.

எப்படிப் பழக்கினேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விசிலை வாங்கிய அன்றே காட்டில் போய் ஊதிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் வாரம் முழுக்க வீட்டுக்குள்தான். அவள் என் காலடியிலேயே இருப்பாள். இரண்டு சின்ன ஊதல், உடனே வாயில் ஒரு துண்டு. வரச் சொல்லவே இல்லை, எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஊதல், தீனி. ஊதல், தீனி. ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சத்தம் கேட்டாலே தீனி வரும் என்று பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய கதை எல்லாருக்கும் தெரியும். (அவருக்கு 1904-இல் நோபல் கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்கு, இதற்காக இல்லை. பிள்ளைகள் பரீட்சையில் மாற்றி எழுதுகிறார்கள்.) நான்காம் நாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் படுத்திருந்தாள், நான் முன்வாசலில் ஊதினேன். தரை வழுக்க ஓடி வந்து என் முழங்காலில் மோதினாள். அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடையில் விற்கிற பிஸ்கட்டை அவள் வீட்டுக்குள் தின்பாள், காட்டில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்துச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி வைத்தேன். அதைவிடச் சிறந்தது ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். அவித்து, நறுக்கி, வாணலியில் எண்ணெய் இல்லாமல் சுருள வாட்டி எடுத்தால் பைக்குள் ஒட்டாது, வாசம் தூக்கும். அந்தச் சுவரொட்டி விசிலுக்கு மட்டும். வேறு எதற்கும் கொடுப்பதில்லை. பாப்பா ஒரு நாள் எங்கள் ஊர்க் கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டாள். புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்தான், மனுஷர் தின்ன அருமையானது. நாய்க்கு அவ்வளவு வெல்லம் ஆகாது என்று சொல்லி நிறுத்தினேன். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம், அதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி வார். வீட்டுக்குள் வருகிற நாய் காட்டில் வராது. காட்டில் அவளுக்குக் கிடைக்கிற சந்தோஷம் என் கையிலிருக்கும் ஈரலைவிடப் பெரியது. வராமல் இருந்து பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு தடவை கற்றுக்கொண்டாலே போதும், மாதக் கணக்கு உழைப்பு கரைந்துவிடும். அந்த ஒரு தடவை நடக்காமல் காப்பதுதான் நீள வாரின் வேலை.

முதலில் வாங்கிய நைலான் கயிறு ஒரு மழைக்குத் தாங்கவில்லை. கரிசல் மண்ணில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் அப்புகிற மாதிரி கயிறு முழுக்க அப்பி, காய்ந்து, விறைத்து, கூடவே நெருஞ்சி முள்ளையும் கோர்த்துக்கொண்டது. மயிலி ஒரு தடவை விசுக்கென்று ஓடியபோது உள்ளங்கை தோல் உரிந்தது. இரண்டு நாள் கரும்பலகையில் எழுத முடியவில்லை. சுருண்டுகொள்ளும் லீஷ் இன்னும் மோசம். எப்போதும் இழுவிசை இருப்பதால் இழுத்தால்தான் நகர முடியும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. எனக்கு வந்ததில் மூன்றாம் வாரமே பொத்தான் பூட்டவில்லை.

இப்போது கையில் இருப்பது பயோதேன் வார். பத்து மீட்டர் நீளம், 13 மில்லிமீட்டர் அகலம், ஆரஞ்சு நிறம், 1,900 ரூபாய். உள்ளே பாலியஸ்டர் நாடா, மேலே வழவழப்பான பூச்சு. தண்ணீர் குடிக்காது, மண் ஒட்டாது. போன ஐப்பசி மழையில் உழுத காட்டில் இழுத்துக்கொண்டு திரிந்தோம். வீட்டுக் குழாயடியில் ஒரு தடவை உருவிவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிட்டது. சீமைக் கருவேலம் முள் ஏறவில்லை. ஆரஞ்சு நிறம் கறுப்பு மண்ணில் பளிச்சென்று தெரிவதால் வார் எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

வாங்கும்போது கைப்பிடி வளையம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். வளையம் இருந்தால் தரையில் இழுபடும்போது அடிக்கட்டையில் மாட்டும். இன்னொன்று, இதைக் கழுத்துப் பெல்ட்டில் மாட்டவே கூடாது. கன்னி முழு வேகத்தில் ஓடி வாரின் முனைக்கு வந்தால் கழுத்து முறிகிற இழுப்பு விழும். நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். நான் வாரைக் கையில் பிடிப்பதே குறைவு. அது தரையில் கிடக்கும்; தேவைப்பட்டால் காலால் மிதிப்பேன். ஊதியும் வரவில்லை என்றால் இரண்டாம் தடவை ஊத மாட்டேன். வாரைப் பிடித்துக்கொண்டே அவளை நோக்கி நடந்து போய், கோபப்படாமல், மூக்கருகே ஈரலைக் காட்டித் திருப்பிக் கூட்டி வருவேன். ஊதல் கேட்டால் எப்படியும் என்னிடம் வந்து சேர்வதுதான் நடக்கும் என்று அவளுக்குப் பதிய வேண்டும்.

குறை என்று சொன்ன கொக்கி: பித்தளை நிறப் பூச்சு பூசிய இரும்பு. மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே சுருள்வில் துருப்பிடித்து வாய் சரியாக மூடவில்லை. இது சின்ன விஷயம் இல்லை, நெடுஞ்சாலைப் பக்கம் கொக்கி திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. விற்றவர்கள் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். பஜாரில் முழுப் பித்தளைக் கொக்கி ஒன்று வாங்கி, தோல் வேலை செய்கிறவரிடம் கொடுத்து ரிவெட் அடித்துக்கொண்டேன். அதற்கு 140 ரூபாய். மழையில் நடப்பவர்கள் முதலிலேயே கொக்கி எதனால் செய்தது என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய ஊர் ஒன்றில் நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுக்கும் போனோம், 6,000 ரூபாய். பாதி நன்மை. அங்கே கற்ற ஒரு விளையாட்டு தங்கம்: ஒருவர் குட்டியின் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஈரலைக் காட்டிவிட்டு எதிர்த்திசையில் ஓட, குட்டி துடிக்கிற நேரத்தில் ஊதிவிட்டுப் பிடியை விடுவது. பாப்பா ஓட, ஐயா பிடிக்க, களத்துமேட்டில் தினமும் இதை விளையாடினோம். நாயைத் துரத்தக் கூடாது, நாம் ஓடினால் அது துரத்தும் என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் வாரம் அதே பயிற்சியாளர், ஓட்ட நாய்க்கு இதெல்லாம் சரிவராது, மின்சாரம் பாய்ச்சும் பட்டையைக் கழுத்தில் கட்டுங்கள் என்றார். நான் கட்டவில்லை. என்னை நோக்கி வரச் சொல்கிற சத்தத்தோடு வலியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்தத் தை மாதமே எனக்குக் காட்டிவிட்டது. நான்காம் ஞாயிறு போகவில்லை.

எட்டு, ஒன்பது மாதத்தில் எல்லாம் மறந்தவள் மாதிரி ஆனாள். ஊதினால் நின்று பார்ப்பாள், பிறகு தன் வேலையைப் பார்ப்பாள். பருவம் அப்படி, பயந்து விட்டுவிடாதீர்கள். மறுபடி வாரைச் சுருக்கி மூன்று மீட்டரிலிருந்து தொடங்கினோம். பதினொன்றாம் மாதம் முதல் தீட்டு வந்தது, அந்த மூன்று வாரமும் காட்டுப் பயிற்சியே இல்லை. சித்திரையில் காலை ஐந்தரைக்குப் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவோம். அதற்குமேல் மண் சுடும், பாதம் வெந்துபோகும்.

ஒரு பழக்கத்தை மட்டும் வீட்டில் எல்லாரையும் சத்தியம் வாங்காத குறையாகப் பிடித்து வைத்திருக்கிறேன். குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், மருந்து கொடுக்கவும், கிளம்பும் நேரத்தில் கட்டிப்போடவும் விசில் ஊதக் கூடாது. அதற்கெல்லாம் நாமே நடந்து போய்க் கூட்டி வர வேண்டும். காட்டிலும் பத்துத் தடவை ஊதினால் ஒன்பது தடவை தீனி கொடுத்துவிட்டு "போ" என்று மறுபடி விட்டுவிடுவேன். வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

போன மாசி, மக்காச்சோளத் தட்டை அறுத்த வெளியில் ஏழெட்டு மயில் மேய்ந்துகொண்டிருந்தன. வார் இழுபட மயிலி என்னிடமிருந்து நாற்பதடி தள்ளி இருந்தாள். ஒரு கால் தூக்கி உறைந்து நின்றவள் பாய்ந்துவிட்டாள். காலால் மிதிக்க வார் எட்டாத தூரம். இரண்டு ஊதல். அவள் தலை முதலில் திரும்பியது, பிறகு உடம்பு. புழுதி கிளம்ப ஒரு வளைவு எடுத்து நேராக என்னிடம் வந்து சேர்ந்தாள். பையிலிருந்த சுவரொட்டி முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊட்டினேன். வரப்பில் நின்று பார்த்த ஐயா, "இது ஒஞ்சத்தத்த நம்பிருச்சு தாயி" என்றார்.

இரண்டாவதாக அதே 210.5 ஒன்று வாங்கி ஐயாவுக்குக் கொடுத்தேன். கழுத்தில் கட்டியிருக்கிறார், ஊதுவதில்லை. மூச்சு பற்றவில்லை என்கிறார். காலையில் கஞ்சிச் சட்டியோடு திண்ணையில் நின்று "தோ... தோ..." என்கிறார், மயிலி அதற்கும் வருகிறாள். அதை நான் தடுக்கவில்லை. அவர் ஒரு நாள்கூடக் கை வெறுமையாக அவளைக் கூப்பிட்டதில்லை.

ஆவணி வந்தால் அவளுக்கு இரண்டு வயது. மேற்குக் காட்டில் இப்போது வாரில்லாமல் ஓடுகிறாள். கிழக்கே, சாலை தெரிகிற பக்கம் போனால் புதுக் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டுத்தான் வரப்பில் இறங்குகிறோம்.